இஞ்ச் டேப்போடு ஷோரூம் ஏறிய கதை

எங்கள் அடுக்ககத்தில் எனக்கு ஒதுக்கியிருக்கும் கார் இடம் இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கிறது. தூணுக்குத் தூண் 239 சென்டிமீட்டர். சென்னை மடிப்பாக்கத்தில் குடியேறி 16 வருடம் ஆகியும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. வீடு வாங்கும்போது இதையெல்லாம் யார் அளக்கிறார்கள்? மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்றுகூட நான் கேட்கவில்லை. அதன் பலனை அப்புறம் அனுபவித்தேன்.

2025 செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது கார் தேடிக்கொண்டிருந்த நான், தச்சர் எப்போதோ மறந்துவிட்டுப்போன இரும்பு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மனைவியின் சின்ன காரை நாலைந்து தடவை முன்னும் பின்னும் எடுத்து, வலது பக்கத் தூணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி நிறுத்தி, எவ்வளவு இடைவெளி இருந்தால் என் தொப்பையோடு நான் வெளியே வர முடியும் என்று பார்த்தேன். 43 செ.மீ. வாட்ச்மேன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "சார், ஏதாச்சும் தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். இடது பக்கம் 10, வலது பக்கம் 43 போனால் மிச்சம் 186 செ.மீ. அதைவிட அகலமான வண்டி வாங்கினால் நான் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு டிக்கி வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இந்த 186-ஐ முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம். அதற்குள் நான் ஐந்து ஷோரூம் ஏறி இறங்கியிருந்தேன். என் எக்ஸெல் ஷீட்டில் 41 வரிசைகள் இருந்தன. குதிரைத்திறன் இருந்தது, ஸ்பீக்கர் எண்ணிக்கை இருந்தது, உள்ளே எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்றுகூட ஒரு வரிசை இருந்தது. தூண் இல்லை.

கார் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள். என் செடான் கீழ்த்தளத்தில் நின்றது. தண்ணீர் சீட் வரை ஏறி, மறுநாள் இறங்கியது. வெளியே பார்க்க வண்டி நன்றாகத்தான் இருந்தது. நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்: ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் தண்ணீர் இருந்தால், பிஸ்டன் அந்தத் தண்ணீரை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்தார்கள். 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் பாலிசியை நான் எடுத்திருக்கவில்லை. சாதாரண பாலிசியில், வெள்ளத்தில் நனைந்ததற்குப் பணம் வரும், நனைந்த பிறகு நாமே சாவியைத் திருகியதால் வந்த சேதத்துக்கு வராது. நான் கேட்டுக் கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது, பாலிசியில் அப்படித்தான் எழுதியிருந்தது.

வண்டி பழைய விலைக்குப் போனது. இரண்டு வருடம் மனைவியின் ஹேட்ச்பேக்கில் காலம் தள்ளினோம். இதற்கு நடுவில் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. 73 வயது. சின்ன காரில் ஏறுவது என்றால் முதலில் கீழே விழுவதுபோல உட்கார வேண்டும், அப்புறம் ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். சரி, உயரமான வண்டி வாங்கலாம் என்று நண்பர் ஒருவரின் பெரிய எஸ்யூவியில் ஏற்றிப் பார்த்தோம். ஃபுட்போர்டில் ஒரு கால் வைத்துவிட்டு அம்மா அப்படியே நின்றார். "என்னடா இது, லாரில ஏறுற மாதிரி இருக்கு. இறங்கும்போது யார் புடிப்பா?"

இங்கேதான் கிராஸ்ஓவர் என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளுக்கு லாரி மாதிரி அடியில் ஒரு தனிச் சட்டம் உண்டு, அதன்மேல் உடலைத் தூக்கி வைத்திருப்பார்கள். அதனால்தான் தரை அவ்வளவு உயரம். கிராஸ்ஓவர் என்பது காரின் உடம்பு. சட்டமும் கூடும் ஒன்றே. அதைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சீட் ஏறக்குறைய நம் இடுப்பு உயரத்தில் வரும். திரும்பி நின்று, பின்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்குக் கட்டிலில் சொல்லிக்கொடுத்த அதே முறை. சொகுசு வண்டிகளில் இந்த வகையை 1998-இல் லெக்ஸஸ் ஆர்எக்ஸ்தான் பெரிதாக எடுத்துவந்தது, மறு வருடம் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வந்தது. இன்று சொகுசு கார் விற்கும் எந்தக் கம்பெனிக்கும் இதுதான் சோறு.

நான் பட்டியலில் வைத்தவை: பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60, லெக்ஸஸ் என்எக்ஸ் 350எச். எல்லாம் 70 லட்சத்துக்கு அக்கம்பக்கம். ஒரு படி கீழே எக்ஸ்1, க்யூ3 போன்றவற்றையும் ஓரமாக எழுதி வைத்தேன், கௌரவத்துக்காகப் பார்க்காத மாதிரி.

அம்பத்தூரில் சின்ன லேபிள் அச்சகம் நடத்துகிறவனுக்கு 70 லட்சத்தில் என்ன கார் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டார். இருபத்து இரண்டு வருட உழைப்பு, ஒரு தடவை, என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் விலை விஷயத்தில் நான் முழுசாக விழித்துக்கொண்டது வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு கணக்கைப் பார்த்தபோதுதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம். 70 லட்சம் வண்டிக்கு 14 லட்சம். பதினாலு லட்சத்துக்கு ஒரு நல்ல கார் வாங்கி வாசலில் நிறுத்தலாம். இது போக, வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியாக ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும், அதை ஷோரூமில் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் ஜிஎஸ்டி குறையப்போகிறது என்றார். அதிலிருந்து செப்டம்பர் 22 வரை ஷோரூம்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை இந்த வகையில் பெரும்பாலான எஸ்யூவிகளுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 22 சதவீதம், மொத்தம் 50. அது 40 ஆனது. பேப்பரில் நான் போட்ட கணக்குப்படி பழைய விலை 70 லட்சம் என்றால் நாலரை லட்சத்துக்கு மேல் இறங்க வேண்டும். அந்த ஐந்து வாரம் விற்பனையாளர்களுக்கு நேரம் நிறைய இருந்தது, எனக்கு ராஜ மரியாதை. வண்டி பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. கொண்டுவந்த காபியில் சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டார்கள்.

அம்மாவை எல்லா ஷோரூமுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் விற்பனையாளர்கள் அம்மாவை சோஃபாவில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் குதிரைத்திறன் பேசுவார்கள். நான், "வண்டி அவங்களுக்குத்தான், அவங்க ஏறட்டும்" என்பேன். அப்புறம் பார்க்க வேண்டும், மொத்த ஷோரூமும் கைத்தாங்கலுக்கு ஓடிவரும். அம்மா யாரையும் தொடவிடமாட்டார். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கீழ்ப்படி எவ்வளவு தடிமன், புடவை வாசல் ஓரத்தில் உரசுகிறதா, மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா. இந்த நாலும்தான் அவருடைய எக்ஸெல் ஷீட். புடவை விஷயம் எந்த யூடியூப் விமர்சனத்திலும் வராது. மழைநாளில் கதவின் கீழ்விளிம்பில் சேறு இருக்கும். சில வண்டிகளில் கதவே கீழே வரை இறங்கி அந்த விளிம்பை மூடிக்கொள்ளும், சிலவற்றில் மூடாது. மூடாத வண்டியில் ஏறிய எல்லாப் பெண்களுக்கும் கொசுவத்தின் அடியில் ஒரு கறை நிச்சயம்.

எக்ஸ்சி60-இல் பின்சீட்டு ஏசி காற்று நடுத்தூணிலிருந்து, அதாவது முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலிருந்து முகத்துக்கு நேராக வருகிறது. பெரும்பாலான வண்டிகளில் அது முன்சீட்டுகளின் நடுவில் கீழே இருந்து வரும், கால்தான் குளிரும். அம்மா அந்த வண்டியில் இருந்து இறங்கவே யோசித்தார். சென்னை மே மாதத்தில் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். மூன்று புள்ளி சீட் பெல்ட்டை 1959-இல் உலகத்துக்குத் தந்தது இந்தக் கம்பெனிதான் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். அது உண்மை, நீல்ஸ் போலின் என்ற பொறியாளர் கண்டுபிடித்து, காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். அம்மா பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "அப்ப நல்லவாதான்" என்றார்.

இனி அம்சங்கள். இதில்தான் நான் நிறைய நேரத்தைக் கொட்டினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹைப்ரிட் என்ற ஒரு சொல்லை வைத்து இரண்டு வேறு சாமான்களை விற்கிறார்கள். எக்ஸ்3, ஜிஎல்சி, எக்ஸ்சி60 மூன்றிலும் இருப்பது 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட். சின்ன மோட்டார் ஒன்று இன்ஜினுக்குக் கைகொடுக்கும். சிக்னலில் அணைந்த இன்ஜினை அதிராமல் எழுப்பும். அது மட்டும் தனியாக உங்களைத் தெருமுனைகூடக் கொண்டுபோகாது. என்எக்ஸ் 350எச் முழு ஹைப்ரிட்: 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடு, வண்டியைத் தானே இழுக்கக்கூடிய மோட்டார். ஊர்ந்துபோகும் நெரிசலில் இன்ஜின் அணைந்தே இருக்கும். மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை மாலை ஆறரை மணிக்குப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெட்ரோல் பில்லில் தெரியும். ஷோரூமில் "ஹைப்ரிட் சார்" என்றால், "மோட்டார் மட்டும் ஓட்டுமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் நீளமாக வந்தால் அது மைல்டு.

டீசலும் பார்த்தேன். இப்போதைய புகை விதிப்படி செய்த பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, அவ்வப்போது நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். எனக்குத் தினமும் பைபாஸ் ரோடு உண்டு, பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம், காய்கறிக்கடை, கோயில் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டமே ஓட்டுகிற வீட்டுக்கு டீசல் சொகுசு வண்டி வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

பனோரமிக் சன்ரூஃப். மகளுக்கு இது இல்லாவிட்டால் வண்டியே இல்லை. எனக்கு இது நம் ஊருக்குச் சம்பந்தமில்லாத சாமான். தலைக்குமேல் ஒரு கண்ணாடிக் கூரையை வைத்து, அதற்குத் திரை போட்டு, அந்தச் சூட்டைத் தணிக்க ஏசியைக் கூட்டி வைக்கிறோம். மழைத் தண்ணீர் இறங்க அதன் ஓரங்களில் மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அவை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் காற்று வரும் சீட்டுகளைக் கேட்டு வாங்கலாம். ஒரே மாடலில் ஒரு வேரியண்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, இன்னொரு வண்டியில் சூடேறும் சீட் மட்டும் இருக்கும். சென்னையில் சூடேறும் சீட்டை வைத்து என்ன செய்வது? மார்கழியில் வடாம் காயப்போடலாம்.

திரைகள் பற்றி. எக்ஸ்1-இல் திரையை இயக்கும் பழைய திருகு வட்டத்தை எடுத்துவிட்டார்கள், எக்ஸ்3-இல் வைத்திருக்கிறார்கள். ஜிஎல்சியில் நெட்டுவாக்கில் 11.9 அங்குலத் திரை, என்எக்ஸில் 14. ஷோரூம் வெளிச்சத்தில் எல்லாம் ஜொலிக்கும். நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: ஓட்டிக்கொண்டே, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், பின்சீட்டு ஏசியைக் குறைக்க முடிகிறதா? பெரும்பாலும் முடியவில்லை. என் வயதும் காரணமாக இருக்கலாம். மகள் இரண்டாவது நாளே எல்லாவற்றிலும் தேறிவிட்டாள்.

ஜிஎல்சியில் கேமராவை வைத்து பானட்டுக்கு அடியில் இருக்கும் தரையைத் திரையில் காட்டுகிறார்கள், பானட் கண்ணாடியாகிவிட்ட மாதிரி. மலைப்பாதைக்காகச் செய்தது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளங்களுக்கு இது மிகவும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. டிக்கி 620 லிட்டர்; கல்யாணச் சீர்வரிசையே போகும்.

டிரைவருக்கு உதவும் ரேடார், கேமரா சமாச்சாரங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் உண்டு. முன்வண்டி நின்றால் தானாகப் பிரேக் போடுவதை நான் மனமார வரவேற்கிறேன். கோட்டுக்குள் வண்டியைப் பிடித்துவைக்கும் வசதி வேறு கதை. டெஸ்ட் டிரைவில் ஜிஎஸ்டி ரோட்டில் (வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு), எதிர்த்திசையில் வந்த ஒரு பைக்குக்காக நான் விலக, வண்டி என் கையைப் பிடித்து இழுத்துப் பழைய கோட்டுக்கே திருப்பப் பார்த்தது. இண்டிகேட்டர் போட்டால் அது விட்டுவிடும், சரிதான். எதிரே வருகிறவன் இண்டிகேட்டர் போட நேரம் தருகிறானா?

டெஸ்ட் டிரைவ் என்றதும் சொல்ல வேண்டியது. ஷோரூம்காரர்கள் ஒரு வழி வைத்திருப்பார்கள், வழுவழு ரோட்டில் ஒரு சுற்று. நான் ஒவ்வொரு இடத்திலும் கேட்டது: மடிப்பாக்கம் வந்துபோகலாமா? மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை, தகரத் தடுப்புகளுக்கு நடுவில் ஒரு லாரியும் ஒரு ஆட்டோவும் நெருக்கிக்கொண்டு போகிற இடம். எந்த வண்டியின் சஸ்பென்ஷன் எப்படி என்பதை அந்த இரண்டு கிலோமீட்டர் சொல்லிவிடும். ஒரே ஓர் இடத்தில் மறுத்தார்கள். பெயர் வேண்டாம். அந்த வண்டிக்கு ஷீட்டில் மார்க்கைக் குறைத்துவிட்டேன்.

சக்கரத்தின் அளவைப் பார்த்து மயங்காதீர்கள் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். 19, 20 அங்குல அலாய் என்றால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும். பள்ளத்தில் விழும் அடியை வாங்க ரப்பர் இல்லை, அலாய் பெண்ட் ஆகும். சில வண்டிகளில் ரன்ஃப்ளாட் டயர்: காற்று போன பிறகும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கி.மீ. ஓடலாம். ராத்திரி தனியாகப் போகிற பெண்களுக்கு இது பெரிய வசதி, என் மனைவி இதைத்தான் முதலில் கேட்டார். ஆனால் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் குலுக்கல் தெரியும், தெருமுனைப் பஞ்சர் கடையில் எல்லோரும் கைவைக்கமாட்டார்கள், விலையும் ஜாஸ்தி. எப்படியிருந்தாலும் டிக்கியின் தரையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, முழு அளவா, ஒல்லி டயரா, வெறும் காற்றடிக்கும் பெட்டியா? ஒரு வண்டியில் தரையைத் தூக்கினால் ஒன்றுமில்லை, இன்னொன்றில் ஸ்டெப்னி தரைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு பாதி டிக்கியைத் தின்றது.

நாலு சக்கரத்துக்கும் விசை போவதற்கு ஆளுக்கொரு பெயர்: குவாட்ரோ, எக்ஸ்டிரைவ், 4மேட்டிக். வருடத்துக்கு ஒருமுறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அது எதற்கு?

பாதுகாப்பு நட்சத்திரம் பற்றி ஒரே ஒரு விஷயம். காரை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் போடும் யூரோ என்கேப்பில் எக்ஸ்சி60 ஐந்து நட்சத்திரம் வாங்கியது 2017-இல். எக்ஸ்1-உம் ஜிஎல்சியும் வாங்கியது 2022-இல். நடுவில் தேர்வையே கடினமாக்கிவிட்டார்கள். பழைய எஸ்எஸ்எல்சி 450-ஐயும் இன்றைய 450-ஐயும் ஒப்பிட முடியாத மாதிரிதான் இதுவும். எக்ஸ்சி60 பாதுகாப்பில் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, இரண்டு நட்சத்திர வரிசையை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை என்கிறேன்.

க்யூ5 ஓட்ட அருமை. ஆனால் வெளிநாட்டில் 2024-லேயே அடுத்த தலைமுறையைக் காட்டிவிட்டார்கள், இங்கே நான் பார்த்தது முந்தையது. அவ்வளவு பணத்துக்குப் பழைய வீட்டில் குடிபோக மனம் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை, தூண், இஞ்ச் டேப். மேலே போய் ஷீட்டைத் திறந்து அகலம் என்று 42-ஆவது வரிசை ஒன்று சேர்த்தேன். எக்ஸ்3 1,920 மி.மீ., எக்ஸ்சி60 1,902, க்யூ5 1,893, ஜிஎல்சி 1,890. நாலும் அவுட். என்எக்ஸ் 1,865. அரை சென்டிமீட்டர்! அரை சென்டிமீட்டரில் ஒரு லெக்ஸஸ் போனது. அதற்கு எட்டு வருட வாரண்டி வேறு. மெர்சிடிஸ் மூன்று வருடம், பிஎம்டபிள்யூ இரண்டு வருடம் தருகிற ஊரில். ஒரு வாரம் வாக்கிங் போனேன், தொப்பை அரை சென்டிமீட்டர் குறையுமா என்று. மனைவி சொன்னார்: "காருக்காகவாவது நடக்கிறீங்களே."

ஓரத்தில் எழுதியிருந்த எக்ஸ்1 1,845. உள்ளே வந்தது. ஆனால் அதன் பின்சீட்டில் அம்மாவுக்குக் கால் நீட்ட இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் தேவலை. இங்கே ஒரு சின்னக் கணக்கு கற்றுக்கொண்டேன். வண்டியின் நீளம் பின்சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள வீல்பேஸ்தான் சொல்லும். என்எக்ஸ் 4,660 மி.மீ. நீளம், எக்ஸ்1 4,500. ஆனால் வீல்பேஸ் இரண்டுக்கும் 2,690 சுற்றித்தான். கூடுதல் 16 செ.மீ. முழுவதும் மூக்கிலும் வாலிலும் போய்விட்டது. எக்ஸ்1-இன் மின்சார வடிவமான ஐஎக்ஸ்1-ஐ நீட்டி, 2025 ஜனவரியில் இங்கே விட்டார்கள். அகலம் அதே 1,845. வீல்பேஸ் 2,800. கால் வைக்கும் இடத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் அதிகம்.

மின்சார வண்டி எங்கள் பட்டியலிலேயே இல்லை. நான் பெட்ரோல் வாசனையில் வளர்ந்தவன். ஆனால் விலையைப் பார்த்தபோது தலை சுற்றியது. சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத எக்ஸ் ஷோரூம் விலை 49 லட்சம். மின் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் அப்போது சாலை வரி முழு விலக்கு. எந்த 14 லட்சத்தைப் பார்த்து நான் தூக்கம் கெட்டேனோ, அது இந்தக் கணக்கில் பூஜ்யம். 70 லட்சம் வண்டியின் ஆன்ரோடு விலையில் இதை வாங்கி, மிச்சத்தில் அச்சகத்துக்கு ஒரு கட்டிங் மிஷினும் வாங்கலாம். மிஷினை வாங்கவில்லை, மனதுக்குள் வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வண்டி கோர்க்கப்படுவது சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில். 2007-இலிருந்து பிஎம்டபிள்யூ ஆலை அங்கே இருக்கிறது. இந்தியாவில் மெர்சிடிஸுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் இன்ஜின் கோர்த்துத் தருவது ஒரே கம்பெனி, டெம்போ டிராவலர் செய்யும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். ஒன்றுக்குப் புனே அருகே சாகனில், இன்னொன்றுக்கு இங்கே. 'ஜெர்மன் இன்ஜின்' என்று யாராவது மீசையை முறுக்கினால் இதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

மூன்று சந்தேகம் இருந்தது. முதலாவது, தண்ணீர். மின் வண்டியில் காற்றை உறிஞ்சும் இன்ஜின் இல்லை, எனவே 2023-இல் நான் செய்த முட்டாள்தனத்துக்கு வழியில்லை. பேட்டரியை மூடி முத்திரை போட்டிருக்கிறார்கள். அதற்காக வண்டி நீந்தும் என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சீட், கம்பளம், மின்னணுப் பெட்டிகளுக்கு வெள்ளம் வெள்ளம்தான். பேட்டரிக்கான கூடுதல் பாலிசி, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப், வண்டி மொத்தமாகப் போனால் வாங்கிய விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், டயருக்குத் தனி என்று இந்தத் தடவை கேட்காத பாலிசி இல்லை. ஏஜென்ட் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டாவது, தூரம். 66.4 கிலோவாட்-ஹவர் பேட்டரி, சோதனைச்சாலைக் கணக்கு 531 கி.மீ. ஏசியும் நாலு பேரும் பெட்டிகளும் இருந்தால் அவ்வளவு வராது என்று முதலிலேயே மனதில் 400 என்று போட்டுக்கொண்டேன். அம்மாவின் ஊர் கும்பகோணம், 300-க்குள். போகலாம், போய் அங்கே சார்ஜ் போடலாம். தினசரி அம்பத்தூர் போய்வர 50 கி.மீ.; வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும்.

மூன்றாவது சந்தேகம்தான் உண்மையான மலை: அசோசியேஷன். கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜர் வைக்க மூன்று கூட்டம் நடந்தது. தீப்பிடித்தால் யார் பொறுப்பு, ஒயர் யார் சுவர் மேல் போகும், கரண்ட் பில் பொது மீட்டரில் ஏறுமா? இரண்டாம் மாடி ரிட்டயர்டு இன்ஜினீயர் சார் ஒருவர் மட்டும் முழுதாகப் படித்துவிட்டு வந்து எனக்காகப் பேசினார். என் மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், செலவு என்னுடையது என்று எழுதிக்கொடுத்தேன். கடைசியில் சம்மதித்தார்கள். அடுத்த மாதமே எதிர்த்தவர்களில் ஒருவர் என் சார்ஜர் ஆள் நம்பரைக் கேட்டார்.

மனைவிக்கு இன்றுவரை எக்ஸ்சி60 மேல்தான் ஆசை. நடுத்தூண் ஏசி, அந்த மரப்பட்டி வைத்த டேஷ்போர்டு, சத்தமில்லாத ஒரு மரியாதை. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வேறு தூண்கள் உள்ள வீட்டில் இருந்தால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன். நாங்கள் வாங்கிய ஐஎக்ஸ்1-இல் தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் பின்சீட்டில் தொடை கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும். அம்மாவுக்கு அது ஒத்துப்போனது, முழங்காலுக்கு நல்லது என்கிறார். மகளுக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்பு டெலிவரி. நேராக, புது வண்டிகளுக்குப் பூஜை போடும் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயில். எங்களுக்கு முன்னால் ஒரு குட்டியானை மினி லாரி, பின்னால் புது புல்லட் இரண்டு. பூசாரி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணி ஏத்துங்க" என்றார். பொத்தானை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. அவர் காத்திருந்தார். "ஸ்டார்ட் ஆயிடுச்சுங்க" என்றேன். நம்பாமல் பானட் மேல் கைவைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை தன் வேலையைக் காட்டியது. முதல் ஆரஞ்சு அலர்ட் வந்த மாலை, அடுக்ககத்தில் பாதிப்பேர் வண்டியை மேட்டுக்கு எடுத்துப்போக சாவியோடு கீழே நின்றார்கள். எங்கே போவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் ஏற்கெனவே நீண்ட வரிசை. ஒரு பழைய ஆல்டோவுக்கும் ஒரு கால் டாக்ஸிக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. 42 வரிசை ஷீட், ஐந்து ஷோரூம், மூன்று அசோசியேஷன் கூட்டம் எல்லாம் முடிந்து, வண்டி முதல் மழைக்கு நின்ற இடம் அது. கதவைத் திறந்து தாராளமாக இறங்கினேன். பாலத்தில் தூண் இல்லையே.

ஆல்டோக்காரர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்பக்கம் மின் வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "சார், பாலத்து மேல வந்துட்டீங்க, சரி. தண்ணி வடியறதுக்கு ரெண்டு நாள் ஆச்சுன்னா சார்ஜ் எங்க போடுவீங்க?" என்றார்.

அதை நான் ஷீட்டில் போடவில்லை.